பேனாக்கத்தியின் விலையும் செய்கூலியும்

பேனாக்கத்தி தமிழாசிரியர் பலருக்கும் பழகிய பொருள். இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று மேல்நாட்டார் சட்டைப்பையில் வைத்திருந்த சிறிய மடக்குக்கத்திக்கு அப்பெயர் வந்தது. இறகு ஒழிந்து எஃகு முள் வந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவவும், வீட்டில் மாங்காய் கீறவும் பயன்பட்ட அந்த எளிய கருவிக்கு இன்று ஐந்நூறு வெள்ளியும் ஆயிரம் வெள்ளியும் கொடுப்போர் சிங்கப்பூரிலும் உளர். பெயர்பெற்ற கைவினைஞர் ஒருவர் தம் கையாலேயே செய்து முடித்த கத்தியாயின் விலை பல்லாயிரம் வெள்ளிக்கு ஏறுவதும் உண்டு. தேக்காவை அடுத்த கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கத்தி மாங்காயைக் கீறாதா? கீறும். அங்ஙனமாயின் மீதித் தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

பணம் மிகுந்தவரின் பித்து என்று ஒரு சாரார் தள்ளிவிடுவர். உயர்ந்த கத்தி நன்றாக வெட்டும், ஆதலின் விலையும் உயர்ந்தது என்று சேகரிப்போருள் சிலர் மறுமொழி கூறுவர். இவ்விரண்டனுள் பின்னது இன்னும் வலுவற்றது. பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பார் 1890-இல் வடிவமைத்த மரப்பிடி மடக்குக்கத்தி இன்றும் மலிவாகவே விற்கிறது. அதன் மெல்லிய அலகு பழத்தில் இறங்குவது போலத் தடித்த அலகுடைய விலையுயர்ந்த கத்திகள் பல இறங்குவதில்லை. சுவிட்சர்லாந்தில் காரல் எல்சனர் 1897-இல் பதிவு செய்த அலுவலர் கத்தி, சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக உலகெங்கும் பரவியிருப்பதும் மலிவும் பயனும் ஒருங்கே இருப்பதனாலன்றோ? திருப்பாச்சேத்தி அரிவாளை யாரும் பேழையில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் வெட்டுவதில் அது யாருக்கும் இளைத்ததன்று. எனவே, வெட்டும் திறனைக் காட்டி விலைக்கு நியாயம் கூறுவோர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர்.

இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சிராங்கூன் சாலையிலும் பஃபளோ சாலையிலும் உள்ள நகைக்கடைகளுள் ஒன்றில் ஏறி ஒரு சங்கிலிக்கு விலை கேட்டால், கடைக்காரர் முதலில் தங்கத்தை நிறுப்பார். அன்றைய 916 தங்கத்தின் விலையால் பெருக்குவார். பிறகு செய்கூலி என்றும், சில கடைகளில் சேதாரம் என்றும் கூட்டுவார். வாங்குவோர் வாதிடுவதெல்லாம் செய்கூலியைப் பற்றியே. தங்கத்தைப் பற்றி வாதிடுவார் இலர். அதே சங்கிலியை ஆண்டு பல கழித்து விற்கச் சென்றால் செய்கூலி மறைந்துவிடும். எடைக்குத்தான் விலை. தட்டான் இரவு பகலாய் இழைத்த வேலைக்கு மறுவிற்பனையில் மதிப்பில்லை.

பேனாக்கத்தியிலோ இக்கணக்கு தலைகீழாகிறது. அலகிலுள்ள எஃகும் பிடியிலுள்ள டைட்டேனியமும் நிறுத்து விற்றால் சில வெள்ளிக்கு மேல் தேறா. விலையில் பெரும்பகுதி செய்கூலியே. சேகரிப்போர் அதனைப் பிறிதொருவருக்கு விற்கும்போதும் விலையாகத் திரும்பி வருவது அச்செய்கூலியே. செய்த வேலைக்குக் கொடுத்த பணம், வேலைக்குரிய பணமாகவே நிற்கின்ற சந்தை உலகில் மிகச் சில. ஓவியச் சந்தை ஒன்று, கடிகாரச் சந்தை ஒன்று, இஃது இன்னொன்று. ஆகவே, ஆராயவேண்டிய வினா கத்தி எவ்வளவு வெட்டும் என்பதன்று. அதில் வேலை எங்கே இருக்கிறது என்பதே.

பூட்டில்லாத பழைய முறை மடக்குக்கத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் அலகு, வில், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள், இரு பக்கத் தகடுகள் என்பவையன்றி வேறில்லை. அலகைத் திறக்கும்போதும் மூடும்போதும் முதுகிலுள்ள வில் எழுந்து தாழ்கிறது. திறந்த நிலை, பாதி திறந்த நிலை, மூடிய நிலை ஆகிய மூன்றிலும் வில்லின் முதுகு பிடியின் முதுகோடு ஒரே மட்டமாக நிற்கவேண்டும். விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டலாகாது. மலிவான கத்திகளில் இஃது ஒரு நிலையிலேனும் தவறும். மூன்று நிலையிலும் சரியாக அமைய, அலகின் அடிக்கட்டையை அரத்தால் ஒரு மயிரிழை ராவி, பொருத்திப் பார்த்து, கழற்றி, மீண்டும் ராவவேண்டும். மடக்கும்போது எழும் ஒலியும் ஒரு சான்று. நன்கு செய்த கத்தி தெளிவாகச் சொடுக்கும். ஒலி மழுங்கியிருந்தால் வில்லில் குறை இருக்கிறது என்பர்.

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் ஸ்டான் ஷா என்ற முதியவர் இவ்வேலையைத் தனியொருவராகச் செய்துவந்தார். பதினான்கு வயதில் பட்டறை புகுந்து எழுபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 2021-இல் மறைந்தார். அந்நகரில் தனித்துத் தொழில் செய்வாரை 'லிட்டில் மெஸ்டர்' என்று வழங்குவர். அவர் கத்தி வேண்டுவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வில்லின் முதுகில் அரத்தால் கொடியும் இலையும் செதுக்குவது அவர் வழக்கம். அது கண்ணுக்கு விருந்து. ஆயினும் அவ்விலையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத பொருத்தத்திற்கே உரியது என்பதை அறிந்தவர் அறிவர்.

இக்கால எந்திர முறைக் கத்திகளிலும் இதே அளவுகோல் செல்லும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குடியேறிய கிரிஸ் ரீவ் என்பார் 1990-ஐ ஒட்டி வெளியிட்ட மடக்குக்கத்திக்குச் 'செபென்சா' என்று பெயர். சூலு மொழியில் அச்சொல்லுக்கு வேலை என்பது பொருள். பொருத்தமான பெயர்! அதன் பிடியாகிய டைட்டேனியத் தகட்டிலேயே ஒரு நாக்கு வெட்டி வளைக்கப்பட்டிருக்கும். அலகு திறந்தவுடன் அந்நாக்கு உள்ளே சரிந்து அலகின் அடியைத் தாங்கிப் பூட்டும். பூட்டுக்கென்று தனி உறுப்பு இல்லை. வாங்கியவரே திருகாணிகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினால், அலகு ஆடாமல், உராயாமல், முன்போலவே நடுவில் வந்து நிற்கும். பகுதிகள் அத்துணை நுண்ணிய அளவில் கடையப்பட்டிருப்பதனால் இஃது இயலுகிறது. பார்ப்பதற்கு அணியொன்றும் இல்லாத சாம்பல் நிறக் கத்தி. பல நூறு வெள்ளி விலை. தகுமா எனின், தகும். வேலை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டலாமன்றோ?

தொட்டுக் காட்ட இயலாத வேலையும் ஒன்று உண்டு. அது தோய்ச்சல். எஃகை எந்த வெம்மைக்குக் காய்ச்சுவது, எவ்வளவு விரைவில் ஆற்றுவது, மீண்டும் எந்த அளவு சூடேற்றிப் பதம் தணிப்பது என்பவற்றில் சிறிது பிறழ்ந்தாலும் சிறந்த எஃகு தகரமாகும், அல்லது கண்ணாடி போல் உடையும். அலகைப் பார்த்து இதை அறிய முடியாது. அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் 1976-இல் தோன்றியது. அங்குத் தேர்வுக்கு வருவோர், தாம் அடித்த கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் துண்டித்து, மரக்கட்டையை வெட்டிப் பிளந்து, அதன் பின்னும் அவ்வாயினால் மயிர் மழித்துக் காட்டி, இறுதியில் அதே அலகை இடுக்கியில் பிடித்துத் தொண்ணூறு பாகை வளைக்கவேண்டும். அலகு உடையலாகாது. அந்தக் கத்தி தேர்வோடு பாழாகிவிடும். வாங்குவோர் தம் கத்தியை இவ்வாறு சோதிக்க முடியுமா? முடியாது. ஆகவே செய்தவர் பெயரை நம்புகின்றனர். பெயருக்கு விலை வைப்பது மடமை என்று எள்ளுவோர் இவ்விடத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். சோதித்தால் அழிந்துபோகும் பொருளில், பெயர் ஒன்றே சோதனைக்கு ஈடாக நிற்கிறது.

ஆயினும் பெயர் எல்லை மீறுவதும் உண்டு. இத்தனை கத்திகளே செய்வோம் என்று எண் பொறித்து விற்பதும், பெட்டியும் சான்றுச்சீட்டும் இல்லையேல் விலை பாதியாகும் என்பதும் வேலையைச் சார்ந்தவை அல்ல. வேலை வளராமல் விலை மட்டும் வளரும் இடங்கள் இவை. சேகரிப்போர் சிலர் கத்தியை ஒருமுறையும் திறவாமல் வைத்திருப்பதே அதன் பெருமை எனக் கருதுவது இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரில் இதற்கு வேறொரு காரணமும் சேர்கிறது. பொது இடத்தில் தகுந்த காரணமின்றித் தாக்குதற்குரிய கருவியை வைத்திருத்தல் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே இங்குக் குற்றம். சட்டைப்பைக்கென்றே பிறந்த கத்தி சட்டைப்பைக்குப் போகாமல் இழுப்பறையில் எண்ணெய் பூசிக் கிடக்கிறது. இத்தீவின் ஈரக் காற்றில் எண்ணெயும் வேண்டியதே. யானைத்தந்தப் பிடிக்கு இருந்த மதிப்பும் இங்கு மாறிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் யானைத்தந்த விற்பனை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அத்தகைய பிடியுடைய கத்தி எத்துணை அழகியதாயினும் விற்பனைக்கு உரியதன்று.

இனி எஃகைப் பற்றிச் சொல்லவேண்டும். தமிழ் வாசகர் ஆழ்ந்து பார்க்கவேண்டிய பகுதி இதுவே. செபென்சா முதலிய கத்திகளில் நெடுநாள் இடம்பெற்ற எஃகு ஒன்றை, நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூசில் இயங்கிய நிறுவனம் 2001-இல் உருவாக்கியது. நிறுவனத்தின் பெயர் 'குரூசிபிள்', அதாவது மூசை. எஃகின் குறியீடு எஸ்30வி. உருகிய எஃகை வளியால் ஊதிப் பொடியாக்கி, அப்பொடியை வெம்மையிலும் அழுத்தத்திலும் மீண்டும் திரட்டுவது அதன் முறை. அதில் கரி 1.45 விழுக்காடு, வனேடியம் 4 விழுக்காடு. தென்னிந்திய மூசைகளில் பழங்காலத்தில் உருகிய எஃகிலும் கரி ஏறத்தாழ 1.5 விழுக்காடு என்பதையும், அதிலும் மிகச் சிறிதளவு வனேடியம் கலந்திருந்ததே அதன் நீரோட்டம் போன்ற வரிகளுக்குக் காரணம் என்று ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாரும் ஆல்பிரட் பெண்டிரே என்ற கொல்லரும் 1990-களில் சோதனையால் காட்டியதையும் உடன்வைத்து நோக்கினால் வியப்பு உண்டாகும். இரண்டும் ஒன்றே என்று சொல்வது மிகை. புதியது துரு ஏறாவண்ணம் குரோமியம் நிறைந்தது, பழையது அத்தகையதன்று. கடினத்தை நாடிய கை இரு காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு கரியைத் தேர்ந்துகொண்டது என்ற அளவே ஒப்புமை.

அந்தப் பழைய எஃகைக் கன்னடரும் தெலுங்கரும் உக்கு என்றனர். தமிழில் உருக்கு. ஆங்கிலேயர் அதனை 'வூட்ஸ்' ஆக்கினர். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அதன் கட்டிகளை இலண்டன் ராயல் கழகத் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு அனுப்பினார். மறு ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து அக்கழகத்தில் கட்டுரை படித்தார். கழகத் தலைவரின் விருப்பப்படி ஒரு துண்டை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் காய்ச்சி அடித்தார். என்ன செய்தார்? ஒரு பேனாக்கத்தி! அடிப்பதற்குக் கடினமாக இருந்ததாயினும், அதன் வாய் மிகச் சிறந்த எஃகுக் கத்தியின் வாய்க்கு நிகராக அமைந்தது என்றும், பல பணிகளுக்கு அந்நாட்டில் வழங்கிய எஃகுகள் அனைத்தினும் இது மேலானது என அவர் கருதினார் என்றும் பியர்சன் பதிந்துள்ளார். பிற்காலத்தில் ஸ்டோடார்ட் தம் கடையின் விளம்பரச் சீட்டிலேயே அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் இந்திய எஃகால் ஆனவை என்று அச்சிட்டார். மின்னியலுக்குப் பெயர்பெற்ற மைக்கேல் பாரடே அவரோடு சேர்ந்து 1820-லும் 1822-லும் எஃகுக் கலவைகள் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கும் இந்த எஃகே தூண்டுகோல்.

1795-ஆம் ஆண்டுப் பேனாக்கத்தி, இக்காலச் சேகரிப்போர் கேட்கும் எல்லாச் சிறப்பும் உடையது. அரிய எஃகு, பெயர்பெற்ற கைவினைஞர், ஏட்டில் பதிந்த வரலாறு. அதில் ஒன்று மட்டும் இல்லை. அந்த எஃகை உருக்கிய கொல்லன் பெயர் இல்லை. செய்கூலியைக் கணக்கிடும்போது இலண்டனில் அடித்தவரின் வேலை மட்டுமே ஏறுகிறது. உருக்கியவனின் வேலையோ மூலப்பொருள் என்ற பெயரில் எடைக்குள் அடங்கிவிடுகிறது.

அவ்வேலை எளியதா? சேலம் பகுதியில் இருந்த முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1839-இல் எழுதிய கட்டுரையில் விளக்குகிறார். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டைச் சீவல்களை மண்மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலையைப் பரப்பி, களிமண்ணால் வாயை அடைப்பர். இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கித் துருத்தியால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி கிடைக்கும். எவ்வளவு இலை, எவ்வளவு கட்டை, எப்போது ஊதலை நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் அத்தகைய மூசை ஓடுகள் கிடந்ததை 1990-களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டார். ஹீத்தின் கதையும் இரங்கத்தக்கதே. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்த அவர், மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் உரிமை பெற்றார். ஷெபீல்டு ஆலைகள் அதனால் ஆதாயம் கண்டன. அவரோ வழக்காடிப் பொருளிழந்தார்.

இந்த எஃகு கோல்கொண்டாப் பகுதியிலிருந்து பாரசீகத்திற்கும், அங்கிருந்து மேற்கேயும் சென்றது. அதனால் ஆன வாளுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் 'டமாஸ்கஸ்'. விற்ற ஊரின் பெயர் நிலைத்தது. உருக்கிய ஊரின் பெயர் மறைந்தது. இன்று மடக்குக்கத்திகளில் 'டமாஸ்கஸ்' என்று விளம்பரம் செய்வனவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்த மூசை எஃகு அல்ல. இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி இணைத்து, மடித்து, முறுக்கி, அமிலத்தில் நனைத்து வரி எழச் செய்தவை. அமெரிக்கரான வில்லியம் மோரன் 1973-இல் அம்முறையைப் புதுப்பித்துக் காட்டியபின் அது பெருகியது. அதுவும் நேர்மையான வேலையே. அடுக்குகள் விட்டுப்போகாமல் இணைப்பதற்கும், வரியை நினைத்தபடி ஓடவிடுவதற்கும் தேர்ந்த கை வேண்டும். ஆனால் அதனைக் கத்தியின் கூர்மைக்குச் சான்றாகக் காட்டுவதும், பண்டை வாளின் புகழை அதன் மேல் ஏற்றுவதும் பிறர் பொருளைத் தன் பொருளாகச் சொல்லுவதாகும். மேற்பரப்பில் மட்டும் வரி பொறித்து விற்பதோ வெளிப்படையான ஏமாற்று. இதற்குச் சோதனை எளிது. அலகை மெல்லத் தேய்த்து மறுபடி அமிலத்தில் நனைத்தால், உடலோடு கூடிய வரி திரும்ப எழும். பூசிய வரி எழாது.

சிங்கப்பூரில் வாழ்வோர் இதனை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேசிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் மலாய் உலகத்துக் கிரிசுகள் உள்ளன. கிரிசின் அலகிலுள்ள வரிக்குப் 'பாமோர்' என்று பெயர். அதுவும் அடுக்கி இணைத்த வேலையே. எலுமிச்சைச் சாறும் பாடாணமும் இட்டு அவ்வரியைத் துலங்கச் செய்வர். சாவக மக்கள் கிரிசை மதிக்கும்போது அலகின் வடிவு, வரி, எக்காலத்து எந்நாட்டுக் கொல்லன் வழியைச் சார்ந்தது என்ற மூன்றையும் நோக்குவர். கொல்லனுக்கு 'எம்பு' என்பது மதிப்புப் பெயர். எம்பு கந்திரிங் என்ற கொல்லன் அடித்த கிரிசும் அதன் சாபமும் சாவகத்து 'பரராத்தோன்' என்ற அரசர் வரலாற்றிலேயே கதையாக இடம்பெற்றுள்ளன. கதை உண்மையோ பொய்யோ, கத்தியோடு கொல்லன் பெயரையும் காப்பது ஒரு மரபாக அங்கு இருந்தது. 2005-இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கிரிசைப் போற்றற்குரிய மரபாக அறிவித்தபோது, போற்றப்பட்டது பொருள் மட்டுமன்று. அதனை அடிக்கும் கலையும் ஆகும்.

தமிழகத்தில் நிகழ்ந்தது வேறு. தஞ்சை மராட்டிய அரசின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் மறைந்தபின் அரண்மனைப் படைக்கலக் கொட்டில் ஆங்கில அரசின் கைக்கு வந்தது. அங்கே வாள்கள், குத்துவாள்கள், ஈட்டிகள், யானைத் தோட்டிகள் என்று குவியல் குவியலாக இருந்தன. பிடியில் யாளியும் மயிலும் செதுக்கிய எஃகு வேலைப்பாடுகள் அவை. 1860-களில் சென்னை அரசு அவற்றுள் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எஞ்சிய பெருந்தொகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றது. விலை எடைக்கு. தப்பியவற்றுள் பல எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன. சில கடல் கடந்து சேகரிப்போர் கைகளில் உள்ளன. அவை ஏலத்துக்கு வரும்போது எடையை யாரும் கேட்பதில்லை.